மலாக்கா சிவப்புக் கட்டடம்: வாசலோடு திரும்பிவிடாதீர்கள்

பள்ளி விடுமுறை வந்தால் ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா பக்கமிருந்து நம்மவர்கள் பலர் பிள்ளைகளோடு மலாக்கா நகருக்கு வருகிறார்கள். சிவப்புக் கட்டடத்தின் முன் படம் எடுத்து, செண்டோல் குடித்து, வீடு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்தக் கட்டடத்தின் பெயர் ஸ்டாட்ஹைஸ். டச்சு மொழியில் நகர மன்றம் என்று பொருள். 1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் 1650 வாக்கில் இதைக் கட்டினார்கள். ஆளுநரின் இல்லமும் நிர்வாக அலுவலகங்களும் இங்கேதான் இருந்தன. தடித்த சுவர்கள், கனமான மரக்கதவுகள், பலகை அடுக்கிய சன்னல்கள் இன்றும் உள்ளன. தொடக்கத்தில் இது வெள்ளைக் கட்டடம். சிவப்பு நிறம் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. பக்கத்தில் உள்ள கிறிஸ்து தேவாலயம் 1753-இல் கட்டி முடிக்கப்பட்டது. இப்போது ஸ்டாட்ஹைஸ் அருங்காட்சியகமாக இயங்குகிறது. மலாக்காவில் வாழ்ந்த பல இனத்தவரின் உடை, புழங்கு பொருள்கள், வரலாறு ஆகியவற்றை அங்கே காணலாம். 2008-இல் மலாக்கா நகரும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இங்கிருந்து ஆண்ட டச்சு அரசுதான் மலாக்கா செட்டி சமூகத்துக்குக் கோயில் கட்ட நிலம் கொடுத்தது. அந்த நிலத்தில் 1781-இல் எழுந்ததே ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்து ஆலயம் இதுவே. மலாக்கா செட்டிகள் சுல்தான் காலத்தில் வாணிபம் செய்ய வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள். வீட்டில் மலாய் பேசினாலும் சைவ வழிபாட்டை விடாதவர்கள்.

டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது 1896-இல். அதற்கு 115 ஆண்டுகளுக்கு முன்பே நம் கோயில் மணி மலாக்காவில் ஒலித்திருக்கிறது. பால்மரம் வெட்ட வந்தவர்கள் நாம் என்று மட்டுமே கேட்டு வளரும் தோட்டப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டும்.

செல்வோர் கவனத்திற்கு: மலாக்கா சென்ட்ரலிலிருந்து நகரப் பேருந்தில் வரலாம். மைகார்டை மறக்க வேண்டாம். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தால் சில நிமிடங்களில் விநாயகர் ஆலயம் வந்துவிடும். அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. அரை நாள் போதும்.