மலையில் இறங்கிய நீர், கிணற்றில் ஏறிய நீர்

திருவண்ணாமலையிலிருந்து நண்பர்கள் நால்வர் அவலாஞ்சி நீர்த்தேக்கத்தைக் காணச் சென்றிருந்தோம். உதகையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். தேயிலைச் சரிவுகளும் காய்கறித் தோட்டங்களும் பின்தங்கியபின், சோலைக்காடுகளுக்கு நடுவே அசைவற்றுக் கிடந்தது நீர். ஏரிப்பாசன ஊர்க்காரர்களான எங்கள் கண்கள் மதகையும் வாய்க்காலையும் தேடின. ஆனால் அங்கே தேக்கியிருப்பது வயலுக்கான நீரன்று; உயரத்திலிருந்து விழுவதற்கான நீர்.

நீலகிரியில் இம்முயற்சி பைக்காராவில் தொடங்கியது. 1932இல் அங்கே மின்னாக்கம் தொடங்கியபோது, நீர் 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கியது. கோவையின் நூற்பாலைகள் பெருகியதில் அம்மின்சாரத்துக்குப் பெரும்பங்குண்டு. விடுதலைக்குப் பின் காமராசர் ஆட்சிக்காலத்தில், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா அளித்த உதவியோடு குந்தாத் திட்டம் உருவானது. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் நீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என அடுத்தடுத்த நிலையங்களில் சுழலிகளைச் சுழற்றிவிட்டே சமவெளிக்கு வருகிறது. பவானிசாகரை அடைந்த பிறகே அது பாசன நீராகிறது. இதற்கு விலையாகத் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் நீருக்கடியில் போயின.

இந்த வரலாற்றில் எங்கள் மாவட்டத்துக்கும் ஓர் இடமுண்டு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத பழைய வட ஆர்க்காட்டில் உழவர்கள் கவலை ஏற்றத்தால் கிணற்றுநீரை இறைத்தார்கள். மாடு களைத்தால் இறைப்பும் நிற்கும், கிணறு ஊறும். மின்கம்பி வந்தபின் மோட்டாருக்குக் களைப்பென்பதே இல்லை. 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்மாவட்டச் சிற்றூர்களில் பசுமைப்புரட்சியை ஆராய்ந்தனர். பி. எச். ஃபார்மர் தொகுத்து 1977இல் வெளிவந்த அவ்வாய்வு நூலில், மின்மோட்டார்களின் பெருக்கமும் நிலத்தடி நீரின் இறக்கமும் சேர்ந்தே பேசப்படுகின்றன.

மாநில மின்கட்டமைப்பில் எல்லா மின்சாரமும் கலந்துவிடுவதால், எங்கள் கிணற்று மோட்டாரை ஓட்டியது எந்த மலையின் நீர் என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆயினும் கணக்கு ஒன்றுதான்: அங்கே நீர் இறங்கியதால் இங்கே நீர் ஏறியது. மலையின் நீர்த்தேக்கத்தை அடுத்த தென்மேற்குப் பருவமழை மீண்டும் நிரப்பும். தந்தையார் காலத்தில் நாங்கள் நீந்திய கிணற்றிலோ இன்று வேலிக்காத்தான் முளைத்திருக்கிறது. அதன் அருகே ஆழ்துளைக் குழாய் நிற்கிறது.

அணைக்கரையில் நின்றபோது நண்பர் ஒருவர், “நம் ஊர்த் தண்ணீரைக் குடித்தது இந்தத் தண்ணீர்தானா?” என்று கேட்டார். எவரும் மறுமொழி கூறவில்லை.