ராட்டை போனது, தறி நிலைத்தது

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. தெற்கே ராஜபாளையத்தில் 2013-இல் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்கிறது வன்னியம்பட்டி. இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெற்றோர், பிள்ளைகளைக் கணினி படிக்க வைத்தது ஒரு நம்பிக்கையில்தான்: மழையையும் நூல் விலையையும் எதிர்பார்க்க வேண்டாத ஒரு வேலை. அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2021-இல் கிட்ஹப் கோபைலட் என்ற கருவி நிரல் வரிகளைத் தானே எழுதிக் காட்டியது. 2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடி அதை எல்லார் கைக்கும் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் உலகெங்கும் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, செயற்கை நுண்ணறிவு அதற்குக் காரணமல்ல என்று நிர்வாகம் சொன்னது. ஆனாலும் அச்சம் அடங்கவில்லை. இந்த அச்சத்துக்குப் பதில் தேட சிலிக்கன் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டியதில்லை. மனிதக் கை செய்துவந்த நுட்பமான வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பருத்திச் சீமை இருநூறு ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: ஒரு தொழிலாளியின் கதி இயந்திரத்தின் திறமையால் மட்டும் தீர்வதில்லை. அவர் கையில் வேறு என்ன பிடிமானம் இருந்தது, இயந்திரம் என்ன நிபந்தனையோடு வந்தது என்ற இரண்டும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. அந்தச் சீமையின் கரிசலில் விளைந்த பருத்திக்கு உலகச் சந்தையில் ‘தின்னவேலி’ என்றே பெயர். பருத்தியை நூலாக்கியது ராட்டை. அதைச் சுற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் விதவைகளும் வயதானவர்களும் அதிகம். ஒரு தறிக்கு வேண்டிய நூலைத் தரப் பல ராட்டைகள் ஓட வேண்டியிருந்தது. பிறகு இங்கிலாந்தின் நூற்பு இயந்திரம் வந்தது. தொழில் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கு உண்டு. நூறு பவுண்டு பருத்தியைக் கையால் நூற்க இந்தியாவில் 50,000 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் உருவாக்கிய ‘மியூல்’ இயந்திரம் அதைச் சுமார் 2,000 மணி நேரமாகக் குறைத்தது. 1825 வாக்கில் வந்த தானியங்கி மியூலுக்கு 135 மணி நேரமே போதுமாக இருந்தது. இந்த வேகத்துக்கு எதிரே எந்தக் கைத்திறனும் நிற்க முடியாது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வணிகத்துக்கான கைநூற்பு சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய அழிந்துவிட்டது. நூற்ற பெண்களுக்குச் சங்கம் இல்லை. அவர்கள் இழந்த கூலியை யாரும் கணக்கெடுக்கவில்லை.

அதே இயந்திரம் தறியை அழிக்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான பாடம். லங்காஷயர் துணி வந்து குவிந்தபோது சாதாரண வெள்ளைத் துணி நெய்தவர்கள் பலமாக அடிபட்டார்கள். ஆனால் கரையும் நிறமும் கட்டமும் வைத்துச் சேலை நெய்தவர்கள் மலிவான மில் நூலை வாங்கிப் பாவு ஓட்டித் தொழிலைத் தொடர்ந்தார்கள். காரணம், நெசவாளியின் வேலை நாடாவை ஓட்டுவதோடு முடிவதில்லை. எந்த ஊரில் எந்தச் சாதியார் கல்யாணத்துக்கு எந்தக் கரை கேட்பார்கள், எத்தனை முழம் வேண்டும், எந்தச் சாயம் வெளுக்காது என்ற அறிவு அவரிடம் இருந்தது. ஒரு நிறத்தில் நாலு சேலை, இன்னொரு நிறத்தில் இரண்டு என்று சிறு அளவில் மாற்றி மாற்றி நெய்ய அன்றைய ஆலைக்குக் கட்டுப்படியாகவில்லை. நூற்றவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்தையே இயந்திரம் விழுங்கியது. நெசவாளியோ பல கட்டங்களைச் சேர்த்துப் பிடித்திருந்தார், வாங்குபவரையும் அறிந்திருந்தார்.

இதை வைத்து நெசவாளியைப் போல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நிரலாளருக்கு ஆறுதல் சொல்வது எளிது. கொடுக்கப்பட்ட குறிப்பை வரி வரியாகக் கணினி மொழியில் மாற்றுவது ராட்டை வேலை. ஒரு மருத்துவமனைக்கோ வங்கிக்கோ உண்மையில் என்ன தேவை என்று கண்டறிந்து, கட்டமைத்து, தவறுக்குப் பொறுப்பேற்பது தறி வேலை. இந்தப் பிரிவினையில் உண்மை இருக்கிறது. இளைஞர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. ஆனால் அதோடு நிறுத்தினால் வரலாற்றின் பாதியை மட்டும் சொன்னதாகும். தறி நிலைத்தது உண்மை, ஆனால் நெசவாளி செழிக்கவில்லை. நூலைக் கடனாகக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்ளும் வியாபாரியிடம் அவர் கூலிக்காரரானார். பிறகு விசைத்தறி வந்தபோது, முன்பு தப்பிய இடத்திலேயே அடி விழுந்தது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி இன்று பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒலிப்பது விசைத்தறிதான். அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்புகளைப் பார்த்தால் சரிவு புரியும்: 1995-96-இல் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 65.5 லட்சம் பேர், 2009-10-இல் 43.3 லட்சம், 2019-20-இல் 35.2 லட்சம். திறமை மட்டுமே காப்பு என்றால் இந்தச் சரிவு நடந்திருக்காது.

இத்தனைக்குப் பிறகும் 35 லட்சம் பேர் மிஞ்சியதற்கு ஏற்பாடுகளும் ஒரு காரணம். 1935-இல் பிறந்த கோ-ஆப்டெக்ஸும் ஊர்தோறும் உருவான நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் வியாபாரியின் பிடிக்கு வெளியே ஒரு சந்தையைத் தந்தன. ஆலைகள் விற்கும் நூலில் ஒரு பங்கைக் கைத்தறிக்கு ஏற்ற சிட்டா நூலாகத்தான் தர வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. அந்தப் பங்கு 50 விழுக்காடாக இருந்து, 2003-இல் 40 ஆகவும் 2019-இல் 30 ஆகவும் குறைக்கப்பட்டது. 1985-இல் வந்த சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது. முதலில் 22 ரகங்கள், பிறகு 11. விசைத்தறிகள் அதை மீறின, கண்காணிப்பு தளர்வாக இருந்தது. ஓட்டை நிறைந்த வேலி அது. ராட்டைக்கு அந்த ஓட்டை வேலிகூட இல்லை. நான்கு கதிர்கள் கொண்ட அம்பர் சர்க்காவைத் தமிழரான ஏகாம்பரநாதன் உருவாக்கி, அரசு அதை 1950-களில் பரப்ப முயன்றபோது, கைநூற்பு அழிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இயந்திரம் அழித்ததைவிட உருவாக்கிய வேலைகள் அதிகம் இல்லையா? ஹார்வி சகோதரர்களின் ஆலை பாபநாசத்தில் 1885-இல் வந்தது. மதுரையில் 1892-இல் வந்தது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதே குழுமத்திலிருந்து 1990-களில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனமே பிறந்தது. பஞ்சிலிருந்து நிரல் வரை இந்த ஊர் வளர்ந்தது இயந்திரத்தால்தானே? கணினித் துறையின் சொந்த வரலாறும் இதையே சொல்கிறது. 1957-இல் ஜான் பேக்கஸ் குழு ஐ.பி.எம்.மில் ஃபோர்ட்ரானை வெளியிட்டபோது, அன்று அந்த முயற்சிக்குத் ‘தானியங்கி நிரலாக்கம்’ என்றே பெயர். இயந்திர மொழியில் கையால் எழுதிப் பழகியவர்கள் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஆனால் நிரல் எழுதுவது எளிதானதும் நிரலாளர் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது.

இந்த மறுப்பை நான் தள்ளவில்லை; அது கூட்டுத்தொகையைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் கூட்டுத்தொகையில் ஆள் மாறிப்போவது தெரிவதில்லை. ராட்டையை இழந்த பாட்டிக்கும் 1936-இல் ஆலைக்குப் போன இளைஞருக்கும் நடுவே இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்தன. இழந்தவர் வேறு, பெற்றவர் வேறு. ஆலைக்குள்ளேயும் அது நடந்தது: கோன் வைண்டிங் பிரிவில் அறுந்த நூலைக் கையால் முடிச்சிட்டவர்களின் இடத்தை ஆட்டோகோனர் என்ற தானியங்கி இயந்திரம் எடுத்துக்கொண்டது. இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. ஃபோர்ட்ரான் நிரலாளர் சொன்னதை இயந்திர மொழிக்கு மாற்றியது. சொல்ல வேண்டியதை அவரே யோசித்தார். இன்றைய கருவி அந்த யோசனையிலும் பங்கு எடுக்கிறது. அதைவிடக் கவலை தருவது, புதிதாக வேலைக்குச் சேர்பவரின் நிலை. ராட்டை சுற்றித்தான் நெசவு பழக வேண்டும் என்று இருந்ததில்லை. கணினித் துறையில் சிறு நிரல்களை எழுதி, தவறைத் தேடித் திருத்தித்தான் ஒருவர் கட்டமைப்பாளர் ஆகிறார். கீழ்ப்படியை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் மேல்படிக்கு ஏறும் வழி எது என்பதற்குப் பருத்தியின் வரலாறு பதில் தராது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இயந்திரம் எங்கிருந்து கற்றது என்பதற்கோ வரலாற்றில் முன்மாதிரி இருக்கிறது. 1866-இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர், லண்டனின் இந்திய அருங்காட்சியகத்திலிருந்த துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளாக ஒட்டினார். அப்படி 20 அடுக்குகள் தயாராயின; 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. சென்னை மாகாணத்து நெசவும் அவற்றில் உண்டு. இந்தியர் எதை உடுத்துகிறார்கள் என்று பார்த்து பிரிட்டிஷ் ஆலைகள் அதேபோல் செய்து விற்க வேண்டும் என்பது வெளிப்படையான நோக்கம். நெசவாளியின் கரையும் கட்டமும் அவருக்குப் போட்டியாகத் திரும்பி வந்தன. அவருக்கு ஒரு காசும் வரவில்லை. இன்றைய நிரல் எழுதும் மாதிரிகள், உலகெங்கும் நிரலாளர்கள் பொதுவில் வைத்த கோடிக்கணக்கான வரிகளைப் படித்துக் கற்றவை. 2022 நவம்பரில் கோபைலட்டுக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர்களின் கேள்வியும் இதுதான்: எங்கள் உரிமத்தின் நிபந்தனைகள் எங்கே போயின? எல்லாரும் படிக்கத்தானே பொதுவில் வைத்தீர்கள் என்ற வாதத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஒரு மனிதர் படித்துக் கற்பதற்கும், ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்து விற்பனைப் பொருளாக்குவதற்கும் உள்ள தூரத்தைச் சட்டம் கணக்கில் எடுக்க வேண்டும்.

எதிர்த்து என்ன பயன், வருவது வந்தே தீரும் என்பது கடைசி மறுப்பு. இதற்கும் நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. எல்.ஐ.சி. ஊழியர்கள் 1960-களில் கணினியை எதிர்த்துப் போராடினார்கள். இயந்திரமயத்தைப் பற்றி ஆராய 1969-இல் தாண்டேகர் குழு அமைக்கப்பட்டது. வங்கிகளில் 1983-இல் தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் ஒப்பந்தம் போட்டு, வரம்புகளோடும் ஆட்குறைப்பு இல்லாமலும் இயந்திரமயத்தை ஏற்றன. நாடு பின்தங்கியது என்று அந்தச் சங்கங்களைக் குறை சொல்வோர் உண்டு. தாமதத்துக்கு விலை இருந்தது மெய்தான். ஆனால் கணினி கடைசியில் வந்தது. பேரேட்டில் எழுதிய குமாஸ்தா வேலையை இழக்காமல் கணினி பழகி, ஓய்வூதியத்தோடு வெளியே போனார். ராட்டைக்காரிக்குக் கிடைக்காத அவகாசம் அவருக்குக் கிடைத்தது, ஏனென்றால் அவர் சார்பில் மேசையில் உட்கார ஒரு அமைப்பு இருந்தது.

ஆகவே நிரலாளரின் பயம் கோழைத்தனமும் அல்ல, முன்னேற்றத்துக்குப் பகையும் அல்ல. கருவியின் வருகையைத் தடுக்க முயல்வதில் அந்தப் பயம் வீணாகக் கூடாது. அது கோரிக்கையாக மாற வேண்டும். கருவியைப் புகுத்துமுன் ஊழியருடன் பேசி, ஊதியத்தோடு பயிற்சிக்காலம் தர வேண்டும். இயந்திரத்தால் கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கு, புதியவர்களை வேலைக்கு எடுத்துப் பழக்கச் செலவாக வேண்டும். நிரல் எழுதியவரின் உரிமத்துக்கு மதிப்பு வேண்டும். கல்லூரிகள் மொழியின் இலக்கணத்தோடு நிற்காமல், வாங்குபவரின் தேவையை அறியவும் கற்றுத்தர வேண்டும். இவற்றைக் கேட்க ஒன்றுகூடாமல் தனித்தனியாகத் திறமையை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சீமையின் பருத்தி வரலாறே சாட்சி.