தோட்டத் தொழிலாளரின் முதுமைக் காப்பு

மலையக வரலாற்றை ஆராய்ந்தோர் குடியேற்றத்தையும் குடியுரிமையையும் விரிவாக நோக்கினர். முதுமையை அத்துணை நோக்கினரல்லர். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் லயக்காம்பிரா வேலையோடு பிணைந்தது. வேலையை விட்டோர் உறைவிடத்தையும் இழக்க நேரும். எனவே, ஓய்வுக்கு முன்னரே மகனையோ மருமகளையோ செக்ரோலிற் பதிவித்தல் வழக்காயிற்று. பெற்றோர் தம் முதுமைக்கென வகுத்த திட்டம் இதுவே எனலாம்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான பெரும்பாலோர் அரசிடம் உரிமையோடு உதவி கோரும் நிலையில் இருக்கவில்லை. தொழிலாளர் என்ற முறையிலேயே அவர்களுக்குச் சில காப்புகள் கிட்டின. 1958 ஆம் ஆண்டில் ஊழியர் சேமலாப நிதி வந்தது. அதனைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாயினர். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டேனும் உழைத்தோருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட்சம்பளம் விதித்தது. மலையகத்தார் இதனைச் சேவைக்காலப் பணம் என்பர். இவையிரண்டும் ஒருமுறை வழங்கப்படும் தொகைகள், ஓய்வூதியமல்ல. மகளின் திருமணம், பழங்கடன், கோயிற் காரியம் என அவை விரைவிற் கரைந்தன. இதனை ஊதாரித்தனம் என்போர் அக்குடும்பங்களின் கடன்சுமையை அறியாதோர்.

2000 ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டம் பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மேல் வைத்தது. அதற்குள் இளையோர் பலர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் பெயர்ந்துவிட்டனர். செக்ரோலிற் பெயர் கொடுக்கப் பல காம்பிராக்களில் ஆளில்லாதாயிற்று.