மாஸ்டா: நற்பெயரின் கணக்கில் வராதவர்கள்

மோட்டார் வாகன வரலாற்றை எழுதுவோர் ஹிரோஷிமாவின் மாஸ்டா நிறுவனத்தைப் பெரும்பாலும் ஒரே சித்திரத்துக்குள் அடக்கிவிடுகின்றனர். உலகம் கைவிட்ட ரோட்டரி எஞ்சினை விடாப்பிடியாகப் பற்றிநின்ற பொறியாளர்களின் நிறுவனம் என்பதே அச்சித்திரம். அது பொய்யன்று. ஆனால் நூறாண்டைக் கடந்த ஒரு நிறுவனத்தின் வாழ்வில் அது ஓர் இழை மட்டுமே. ரோட்டரி எஞ்சின் ஒருமுறை மாஸ்டாவைக் காத்தது. பத்தாண்டு கழித்து அதே எஞ்சின் அதனைத் திவாலின் விளிம்புக்குத் தள்ளியது. அங்கிருந்து அதை மீட்டவர்கள் ஒரு வங்கியின் அதிகாரிகளும், ஒரு நகரத்தின் மக்களும், இயந்திரங்களை விட்டுவிட்டு வீடு வீடாகக் கார் விற்கப் போன தொழிலாளர்களும் ஆவர். நிறுவனத்தின் நற்பெயரில் எஞ்சினுக்குக் கிடைத்த இடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தொடக்கத்தில் இந்நிறுவனத்துக்கும் வாகனத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1920 ஜனவரி 30 அன்று ஹிரோஷிமாவில் 'தோயோ கார்க் கோக்யோ' என்ற பெயரில் அது நிறுவப்பட்டது. முதல் உலகப் போரின்போது ஐரோப்பியக் கார்க் வரத்து தடைபட்டதால், ஜப்பானில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டையிலிருந்து கார்க் எடுக்கும் தொழில் அங்கு வேர்விட்டிருந்தது. 1921இல் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஜூஜிரோ மட்சுதா மீனவக் குடும்பத்தில் பன்னிரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர். சிறுவயதில் ஒசாகாவில் கொல்லுப்பட்டறையில் தொழில் பழகியவர். போர் முடிந்து வெளிநாட்டுக் கார்க் மீண்டும் வரத் தொடங்கியதும் சந்தை சுருங்கியது. 1925இல் தீவிபத்து தொழிற்சாலையை அழித்தது. இரும்பை அறிந்த அவர் கார்க்கிலிருந்து இரும்புக்கே திரும்பினார். 1927இல் நிறுவனப் பெயரிலிருந்து 'கார்க்' உதிர்ந்து 'தோயோ கோக்யோ' எஞ்சியது. 1931இல் முதல் வாகனம் வெளிவந்தது: மூன்று சக்கரச் சரக்கு வண்டி, 482 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன்.

அவ்வண்டிக்கு இடப்பட்ட பெயரே மாஸ்டா. ஜரதுஷ்டிர சமயத்தின் பரம்பொருளான அகுர மஸ்தாவின் பெயரையும் நிறுவனரின் குடும்பப் பெயரான மட்சுதாவையும் ஒருங்கே நினைவூட்டும் தேர்வு என்பது நிறுவனத்தின் விளக்கம். அப்போது இப்பெயர் உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் 1909 முதல் தன் மின்விளக்குகளுக்கு இதே பெயரைச் சூட்டியிருந்தது. மொழியியல் மாணவர்களுக்குச் சுவையான செய்தி வேறொன்று உண்டு. அவெஸ்தாவின் 'மஸ்தா' என்பதும் வடமொழியின் 'மேதா' என்பதும் ஒரே மூலச்சொல்லின் இரு கிளைகள். தமிழில் வழங்கும் 'மேதை' வடமொழி வழியாக வந்த அதன் கொடிவழி. 'அகுர' என்பது வடமொழி 'அசுர' என்பதன் உடன்பிறப்பு. ஈரானில் தெய்வத்துக்கு அடையாகிய சொல் இந்தியாவில் அத்தெய்வங்களின் பகைவருக்கு ஆயிற்று. ஜப்பானியருக்கோ இவ்வளவும் தேவைப்படவில்லை. அவர்கள் இன்றும் அப்பெயரைத் தம் எழுத்தில் 'மட்சுதா' என்றே எழுதுகின்றனர், அவ்வாறே ஒலிக்கின்றனர். வெளியுலகுக்கு ஒரு தெய்வத்தின் பெயர், உள்நாட்டில் ஒரு குடும்பத்தின் பெயர்.

போர்க்காலத்தில் தோயோ கோக்யோ துப்பாக்கி தயாரித்தது. ஹிரோஷிமாவைப் பற்றி எழுதும்போது மறைத்துவிடக்கூடாத செய்தி இது. அந்நகரம் படைத்துறையின் நகரமாகவும் இருந்தது. 1945 ஆகஸ்டு 6 ஜூஜிரோவின் எழுபதாவது பிறந்தநாள். காலையிலேயே நகருக்குள் சென்று முடிவெட்டிக்கொண்டு திரும்பியதால் அவர் உயிர் தப்பினார். அவருடைய மகன்களில் ஒருவர் தப்பவில்லை. நகருக்குள் சென்றிருந்த ஊழியர்கள் பலரும் திரும்பவில்லை. குண்டு வெடித்த மையத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், புச்சூ என்னும் ஊரில் தொழிற்சாலை அமைந்திருந்தது. இடையே ஹிஜியாமா குன்று நின்றதால் கட்டடங்கள் பெரும்பாலும் நிலைத்தன. அழிந்த நகரில் எஞ்சிய பெருங்கட்டடங்கள் மிகச் சில. ஆதலால் காயமுற்றோர் அங்குக் கொண்டுவரப்பட்டனர்; மாகாண அரசின் அலுவலகமும் அங்குக் குடிபெயர்ந்து 1946ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை அங்கிருந்தே இயங்கியது. அரசு இடம்கேட்டு வந்த தொழிற்சாலை என்ற நிலை வேறெந்த வாகன நிறுவனத்துக்கும் எளிதில் வாய்த்திராது. 1945 டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டிகளின் உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. நிறுவனத்துக்கும் நகரத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலின் முதற்பக்கம் இங்கே எழுதப்பட்டது.

1950களில் சரக்கு வண்டிச் சந்தையில் நன்கு ஊன்றிய நிறுவனம், 1960இல்தான் தன் முதல் பயணியர் காரான ஆர்360 கூப்பேயை வெளியிட்டது. விலை 3 லட்சம் யென். விற்பனை நன்றாகவே இருந்தது. ஆனால் தோக்கியோவில் வேறொரு காற்று வீசிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் கார்களுக்குச் சந்தை திறக்கப்படும் நாள் நெருங்குவதால், சிதறிக்கிடக்கும் உற்பத்தியாளர்களைச் சில குழுக்களாகத் திரட்ட வேண்டும் என்று பன்னாட்டு வணிக, தொழில் அமைச்சகம் 1961இல் திட்டம் வகுத்தது. தலைநகரிலிருந்து தொலைவில் இருந்த, கார் தொழிலுக்குப் புதிதான ஹிரோஷிமா நிறுவனத்துக்கு இதன் பொருள் தெளிவாகவே விளங்கியது: பெரியவர் ஒருவரோடு சேர்ந்து கரைந்துபோக வேண்டும்.

அப்போது தலைவராயிருந்தவர் ஜூஜிரோவின் மகன் சுனேஜி மட்சுதா. பிறரிடம் இல்லாத ஒரு தொழில்நுட்பம் கையிலிருந்தால் தனித்து நிற்கும் உரிமையைக் கேட்டுப் பெறலாம் என்று அவர் கணக்கிட்டார். மேற்கு ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனம் பெலிக்ஸ் வாங்கெலின் ரோட்டரி எஞ்சினை அறிவித்திருந்தது. 1961இல் அதன் உரிமத்தைத் தோயோ கோக்யோ விலைக்கு வாங்கியது. ஆக, பின்னாளில் பொறியியல் வேட்கையின் அடையாளமாகப் போற்றப்படும் எஞ்சின், முதலில் ஓர் அமைச்சகத்தின் முன் நீட்டப்பட்ட அரசியல் ஆவணமாகவே ஹிரோஷிமாவுக்கு வந்தது. இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. பிழைப்பதற்கான தந்திரம் என்ற அளவில் அது மிகக் கூர்மையானது.

வாங்கிய பொருளோ முழுமையடையாதது. பிஸ்டன் மேலும் கீழும் இயங்கும் வழக்கமான எஞ்சினுக்கு மாறாக, இதில் பக்கங்கள் வளைந்த முக்கோணச் சுழலி ஒன்று இடை குறுகிய முட்டை வடிவ அறைக்குள் சுழல்கிறது. உறுப்புகள் குறைவு, எடை குறைவு, அதிர்வும் குறைவு. இடர் முழுவதும் முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருந்தது. அம்முனைகளில் பொருத்திய சீல்கள் அறையின் உட்சுவரைச் சுரண்டி, நெருக்கமான கீறல்களை உண்டாக்கின. அவற்றைப் பொறியாளர்கள் 'பேயின் நகக்கீறல்' என்றழைத்தனர். 1963இல் கெனிச்சி யாமமோட்டோவின் தலைமையில் 47 பேர் கொண்ட ஆய்வுப் பிரிவு அமைந்தது. ஜப்பானியரின் நினைவில் 47 என்பது வெற்று எண்ணன்று. தலைவனுக்காகப் பழிதீர்த்து மாண்ட 47 சாமுராய்களின் கதையை அறியாதவர் அங்கில்லை. கரித்தூளையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த சீலால் கீறல் அடங்கியது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

உரிமம் விற்ற என்எஸ்யு அதே ஆண்டில் தன் ரோ 80 காரை வெளியிட்டது. அதன் எஞ்சின்கள் அடுத்தடுத்துப் பழுதாகி, மாற்றிக் கொடுத்தே நிறுவனம் நலிந்து, 1969இல் வோல்க்ஸ்வாகன் குழுமத்தின் ஆவுடியோடு இணைக்கப்பட்டது. எந்தக் கதிக்கு அஞ்சிச் சுனேஜி அவ்வெஞ்சினை வாங்கினாரோ, அக்கதி விற்றவருக்கு நேர்ந்தது.

சுனேஜி 1970இல் மறைந்தார். மகன் கோஹெய் மட்சுதா பொறுப்பேற்றார். அமெரிக்கச் சந்தை ரோட்டரி கார்களை ஆர்வத்தோடு ஏற்றது. நிறுவனம் தன் எதிர்காலத்தையே அவற்றின்மேல் வைத்தது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி மூண்டது. ரோட்டரி கார்கள் நகர ஓட்டத்தில் ஒரு கேலனுக்கு ஏறத்தாழ 10 மைல் மட்டுமே தரும் என்ற அளவீட்டை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்டது. நிறுவனம் அவ்வளவீட்டை மறுத்து வாதிட்டது. பெட்ரோல் நிலையங்களின் முன் வரிசையில் காத்திருந்தோரின் காதில் அவ்வாதம் ஏறவில்லை. விற்காத கார்கள் குவிந்தன, கடன் பெருகியது. ரோட்டரியில் பெருமுதலீடு செய்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தன் திட்டத்தைத் தள்ளிவைத்துப் பின் கைவிட்டது. அதற்குப் பிற எஞ்சின்கள் இருந்தன. ஹிரோஷிமாவுக்கு அத்தகைய வசதி குறைவு.

இனி நடந்ததுதான் இவ்வரலாற்றின் கருப்பகுதி. நிறுவனத்தின் முதன்மை வங்கியான சுமிதோமோ அதைக் கைவிடாமல் கடனுக்குத் துணைநின்றது. பதிலுக்குத் தன் அதிகாரிகளை உள்ளே அமர்த்தியது. அவர்களுள் ஒருவரான சுதோமு முராய் பின்னாளில் அசாகி பீர் நிறுவனத்தை மீட்கவும் அதே வங்கியால் அனுப்பப்பட்டவர். 1977இல் கோஹெய் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். மூன்று தலைமுறைக் குடும்ப ஆட்சி முடிந்தது. ஆட்குறைப்பு அறிவிப்பு வெளியாகவில்லை. ஓய்வுபெற்றோரின் இடங்கள் நிரப்பப்படாமல் விடப்பட்டன. மேலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுழற்சி முறையில், தொலைநகரங்களின் விற்பனை நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். வார்ப்பாலையிலும் உதிரிப்பாகப் பிரிவிலும் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தைப் பிரிந்து, அறிமுகமற்ற தெருக்களில் கதவைத் தட்டி, தாங்கள் செய்த காரைத் தாங்களே விற்றனர். வேலைநீக்கம் இல்லை என்பதை மனிதநேய மேலாண்மையின் சான்றாக மேலாண்மை நூல்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. அது அரைப்பங்கு உண்மை. மேலிடத்தின் தவறான கணக்குக்கு உரிய விலையின் ஒரு பகுதி, ஊதியச் சீட்டில் இடம்பெறாத வகையில் தொழிலாளரிடமிருந்து பெறப்பட்டது என்பது மறுபாதி.

நகரமும் தன் பங்கைச் செலுத்தியது. மாஸ்டா கார்களையே வாங்குவோம் என்று உள்ளூர் வணிகர்களும் நிறுவனங்களும் சேர்ந்து இயக்கம் நடத்தினர். இதே காலத்தில் ஹிரோஷிமாவின் பேஸ்பால் அணியான கார்ப் 1975இல் தன் முதல் சென்ட்ரல் லீக் பட்டத்தை வென்றது. 1950களின் தொடக்கத்தில் அணியைக் காக்க மைதான வாயிலில் பீப்பாய் வைத்து மக்கள் காசு திரட்டிய அணி அது. 1968 முதல் அதன் பெயர் 'ஹிரோஷிமா தோயோ கார்ப்'. நடுவிலுள்ள 'தோயோ', தோயோ கோக்யோவைக் குறிப்பது. நிறுவனம் நொடித்துக்கொண்டிருந்த ஆண்டில் அப்பெயர் தாங்கிய அணி வென்றதை அந்நகரத்தார் எவ்வாறு கொண்டாடியிருப்பர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. ரோட்டரி எஞ்சினை எல்லாக் கார்களிலும் பொருத்தும் எண்ணம் கைவிடப்பட்டு, 1978இன் ஆர்எக்ஸ்-7 போன்ற விளையாட்டுக் கார்களுக்கு அது ஒதுக்கப்பட்டது. 1979இல் போர்டு 25 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 1984இல் நிறுவனத்தின் பெயரே மாஸ்டா என மாறியது. பஞ்சாபில் 'சுவராஜ் மாஸ்டா' என்ற கூட்டு முயற்சி தோன்றியதும் இக்காலத்தில்தான். இந்தியாவில் ஒரு தலைமுறைக்கு மாஸ்டா என்றால் பள்ளி வேனும் சிறு லாரியுமே. இங்கு ரோட்டரிக்கு ஒரு நினைவும் இல்லை. 1989இல் இரண்டு இருக்கை கொண்ட எம்எக்ஸ்-5 வந்தது. அதில் இருந்தது சாதாரண பிஸ்டன் எஞ்சின். நிறுவனத்தின் பெயரை உலகெங்கும் மிகுதியாகப் பரப்பிய கார் அதுவே.

1991 ஜூனில் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 55 எண்ணிட்ட 787பி, 362 சுற்றுகளை முடித்து வென்றது. அப்பந்தயத்தில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று பெற்ற முதல் வெற்றி. தோயோட்டாவே அங்கு வெல்ல 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. வென்றதால்தான் ரோட்டரிக்குத் தடை விதிக்கப்பட்டது என்ற கதை இன்றும் உலவுகிறது. எஞ்சின் விதிகளை மாற்றும் முடிவு அப்பந்தயத்துக்கு முன்பே எடுக்கப்பட்டது என்பதே உண்மை. ஆனால் சித்திரம் ஒருமுறை உறைந்துவிட்டால் தேதிகள் அதை எளிதில் அசைப்பதில்லை. மாஸ்டாவின் சித்திரம் அன்று உறைந்தது. பதினைந்து ஆண்டுக்கு முன் கார் விற்கப் போனவர்களுக்கு அதில் இடம் மிஞ்சவில்லை.

1996இல் போர்டு தன் பங்கை 33.4 விழுக்காடாக உயர்த்தியபோது ஹென்றி வாலஸ் தலைவரானார்; ஜப்பானிய வாகன நிறுவனம் ஒன்றுக்குத் தலைவரான முதல் வெளிநாட்டவர் அவர். 2008 நெருக்கடியில் போர்டு பங்குகளை விற்கத் தொடங்கி 2015க்குள் முற்றாக வெளியேறியது. 2024 ஜூனில் தோயோட்டா, ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்களோடு மாஸ்டாவும் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதனைக்காக மாற்றியதும், மோதல் சோதனையில் காற்றுப்பையை வெளிக்கருவியால் விரியச் செய்ததும் அவற்றுள் அடங்கும். பொறியாளரின் நேர்மையையே முகவரியாகக் கொண்ட நிறுவனத்துக்கு இது சிறிய கறையன்று.

ரோட்டரி எஞ்சின் 2023இல் எம்எக்ஸ்-30 காரில் மீண்டும் வந்தது. இப்போது அது சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, மின்கலத்துக்கு மின்சாரம் தருகிறது. அமைச்சகம் 1961இல் விரும்பிய இணைப்பை அவ்வெஞ்சின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தள்ளிப்போட்டது. 2017 முதல் மாஸ்டாவின் ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் பங்கு தோயோட்டாவின் கையில் இருக்கிறது.