பூண்டிப் பெட்டகம்: பழைய மரப்பொருள்களைப் புதுப்பித்தலும் வரலாற்றுச் சான்றும்

ஏட்டிலும் கல்லிலும் செம்பிலும் எழுத்தைத் தேடிப் பழகியவர் நாம். மரத்தில் எழுதப்பட்டதைப் பெரிதும் நோக்குவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. கல் நிற்கும், செம்பு நிற்கும், மரமோ கறையானுக்கும் ஈரத்திற்கும் இரையாகும். இரையாகாது எஞ்சியது புதுப்பிப்போர் கையில் தன் சான்றை இழக்கும். இரண்டாவது அழிவு முதலாவதினும் கொடியது. பொருள் நிற்கவும் அதன் வரலாறு மட்டும் மறைந்துவிடுகின்றது. இக்கட்டுரை அவ்வழிவினின்றும் தப்பிய ஒரு பெட்டகத்தைப் பற்றியது.

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், கோடைக்கானலுக்கு மேற்கே அமைந்த மலையூர்களுள் ஒன்று பூண்டி. அவ்வூரைச் சார்ந்த மாணவர் ஒருவர் இல்லத்தில் தானியம் இடும் மரப்பெட்டகம் ஒன்று உளது. பல்லாண்டுகட்கு முன் பூசிய பச்சை வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. அதனை வத்தலக்குண்டிற்கு அனுப்பி, முழுதும் இழைத்து, புதிய ஆணி அடித்து, மெருகேற்றிவர வீட்டார் எண்ணியிருந்தனர். வண்ணம் உதிர்ந்த இடத்தில், மூடியின் உட்புறத்தே, உளியால் வெட்டிய எழுத்துகளை மாணவர் கண்டு எமக்கு அறிவித்தார். நேரிற் சென்று படித்தேம். “பரிதாபி வருடம் தை மாதம்” என்பதே வாசகம். வேறு பெயரோ எண்ணோ இல்லை.

வருடப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீள்வது. எனவே பரிதாபி வருடத்துத் தை மாதம் 1913ஆகவும் இருக்கலாம், 1973ஆகவும் இருக்கலாம். இவ்வறுபது ஆண்டு வேறுபாடு சிறிதன்று. கோடைக்கானலுக்கு மலைச்சாலை முற்றுப்பெற்றது 1914இல். அதற்கு முன்னர்ச் சுமைகள் ஆள் தோளிலும் விலங்கின் முதுகிலுமே மலையேறின. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் கோடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டிய காலத்தும் நிலைமை அதுவே. முந்திய ஆண்டைக் கொண்டால், இப்பெட்டகம் சாலைக்கு முற்பட்ட மலைத்தச்சின் சான்றாகும். பிந்திய ஆண்டைக் கொண்டால் பேருந்தில் வந்த பொருளாகவும் இருக்கலாம்.

வீட்டின் மூத்த பாட்டியார், தாம் மணமாகி வந்த நாளிலேயே பெட்டகம் அவ்விடத்தே இருந்தது என்றார். அவர் மணம் 1973க்குப் பல ஆண்டுகள் முந்தியது. ஆயின் வழக்குத் தீர்ந்தது என்று மகிழ்தல் கூடாது. பாட்டியார் கூற்றுப் பெட்டகத்திற்குச் சான்று. எழுத்தோ மூடியில் உளது. பழைய பெட்டகத்திற்குப் பின்னாளில் புதுமூடி இடுதல் உலக வழக்கே. ஆகவே மூடியும் உடலும் ஒருகாலத்தனவா என்பதே வினா.

அதற்கு விடை மரத்திலேயே கிடைத்தது. உடலின் உட்பலகைகளில் வாய்ச்சி செதுக்கிய குழிந்த தடங்கள் நிரையாக உள. மூடியின் உட்புறத்தும் அதே அகலத்துத் தடங்களே. இரண்டிலும் கொல்லர் உலையில் அடித்த நாற்பக்க ஆணிகள். ஆலையிற் செய்த உருண்டைக் கம்பி ஆணி ஒன்றேனும் இல்லை. வாய்ச்சித் தடம் மட்டும் காலத்தை உறுதிசெய்யாது; மலையூர்களில் அக்கருவி நெடுங்காலம் வழங்கியது. ஆயினும் இங்கு வேண்டுவது காலமன்று, ஒருமையே. பச்சை வண்ணத்தின்கீழ் அரக்கு மெருகு ஒன்று இருபகுதியிலும் ஒரே நிறத்தோடு தோன்றியது. எனவே மூடி உடலோடு பிறந்ததே. ஆண்டு 1913 எனக் கொள்ளலாம்.

இழைப்புளி ஒருமுறை ஓடியிருப்பின் தடம் போயிருக்கும்; புதிய ஆணி பழையதன் துளையை விழுங்கியிருக்கும்; வாசகமும் உப்புத்தாளுக்கு இரையாகியிருக்கும். இஃது அச்சுறுத்தற்குக் கூறியதன்று. எம் பாட்டனார் எழுதிய சாய்மேசைக்கு இக்கதியே நேர்ந்தது. மெருகிட்டவர் நன்றாகவே மெருகிட்டார். அதன் அடியில் இருந்த மூன்று வரிகளை அழுக்கென்று எண்ணித் தேய்த்துவிட்டார். அவ்வரிகளை நான் சிறுவயதில் பலமுறை கண்டிருந்தும் படியெடுத்து வையாதது என் பிழை.

பழைய தச்சர் முறையில் ஒரு நன்மை உண்டு. அவர்கள் ஒட்டப் பயன்படுத்திய வச்சிரம் விலங்கின் தோலும் எலும்பும் காய்ச்சிய பசை, வெந்நீரில் இளகும். அரக்கு, புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறுபூச்சியின் பிசின். சாராயச் சத்தில் கரையும். எனவே இவற்றால் செய்த பணியை மரத்திற்கு ஊறின்றி அவிழ்த்து மீண்டும் செய்யலாம். இக்காலத்துச் செயற்கைப் பூச்சுகள் பல இறுகியபின் சுரண்டினாலன்றி நீங்கா. சுரண்டும்போது மரத்தின் மேற்பரப்பும் உடன் போகும்.

சுவடிப் பதிப்பு வரலாறு அறிந்தார்க்கு இது புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், சிதைந்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பாது சிதைவாகவே காட்டினார், பாடபேதத்தையும் குறித்தார். தச்சருக்கும் அதுவே நெறியாதல் வேண்டும். உளுத்த பலகைக்கு மாற்றாகப் புதுத்துண்டு இடுங்கால், அது புதிது என்பது உட்புறத்தேனும் தெரியும்படி விடுதல் தகும்.

இலக்கியம் தச்சரை மறந்ததில்லை. நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் தந்தக் கட்டிலையும் அதனைச் செதுக்கிய கூருளியையும் விரிக்கும். மணிமேகலை யவனத் தச்சர் தமிழ் வினைஞரோடு கூடித் தொழில் செய்ததைக் கூறும். மேசை, அலமாரி என்னும் போர்ச்சுகீசியச் சொற்களும், பீரோ என்னும் பிரெஞ்சுச் சொல்லும் நம் வீடுகளுட் புகுந்த வரலாறு தனியே எழுதற்குரியது.

செட்டிநாட்டில் இச்சிக்கல் பெரிய அளவில் நிகழ்ந்தது. பர்மாத் தேக்கால் நிறைந்த மாளிகைகள், 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றிய பின் வருவாய் குன்றி, பாகப்பிரிவினையால் சிதறின. தூணும் கதவும் பெட்டகமும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளை அடைந்தன. நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. உள்நாட்டில் பளபளப்பிற்காகச் சுரண்டுவதைத் தடுக்கும் சட்டம் யாங்கும் இல்லை.

பூண்டிப் பெட்டகத்தின் மரம் சோலைக்காட்டு மரமே என்பது வீட்டார் துணிபு. கோடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயம் 2013இல் அமைந்தது. அக்காட்டு மரத்தை இனி வெட்டிப் பலகையாக்குதல் இயலாது. மலையின் ஈரத்தில் நூறாண்டு தங்கிய பலகை, சமவெளியின் வெப்பத்திற்குக் கொணர்ந்தால் குறுக்குவாட்டில் சுருங்கி வெடிக்கும் என்பதையும் எடுத்துரைத்தேம். வீட்டார் வத்தலக்குண்டுப் பயணத்தைக் கைவிட்டனர். உள்ளூர்த் தச்சர் ஒருவர் பெயர்ந்த பொருத்துகளை வச்சிரத்தால் இணைத்தார். ஒரு காலை மட்டும் மாற்றினார். பச்சை வண்ணத்தை மூடியின் வெளிப்புறத்தில் அப்படியே விட்டோம். இப்பொழுது அதில் பூண்டு வைத்திருக்கின்றனர்.