போட்ட பணத்துக்கு யார் பொறுப்பு?



அறுவடை முடிந்து, நெல்லோ கடலையோ விற்று, ஆள் கூலி, வண்டிக் கூலி, உரக்கடை பாக்கி எல்லாம் தீர்த்த பிறகு கையிலே ஒரு தொகை நிற்குது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எங்கே வைப்பது? நம்ம பாட்டன் காலத்தில் குதிருக்குள்ளே வைத்தார்கள், அடுக்குப் பானையிலே வைத்தார்கள். பாட்டி அதை நகையாக மாற்றிக் கழுத்திலே போட்டுக்கொண்டாள். அவர்கள் பாங்கிப் பக்கம் போகத் தயங்கியதை வெறும் அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். பயப்படக் காரணம் இருந்தது.

சென்னையிலே ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒரு வெள்ளைக்காரர் கம்பெனி இருந்தது. வியாபாரமும் பண்ணினார்கள், ஜனங்களிடம் டெபாசிட்டும் வாங்கினார்கள். தலைவர் சர் பட்டம் பெற்ற ஜார்ஜ் ஆர்பத்நாட் துரை. அவர் பெயரை நம்பி ஓய்வூதியக்காரர், விதவைகள், சிறு வியாபாரிகள் என்று பலரும் ஆயுள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1906 அக்டோபர் 22 அன்று கம்பெனி கதவை மூடிவிட்டது. லண்டனில் இருந்த பங்காளி ஊக வியாபாரத்திலே பணத்தைக் கரைத்திருந்தார்; அவர் ரயிலில் விழுந்து செத்தார். துரை மேல் வழக்கு நடந்து 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. சரி, துரை ஜெயிலுக்குப் போனதால் விதவையின் பணம் முழுசாகத் திரும்பி வந்துவிடுமா? வரவில்லை.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. டெபாசிட் வாங்குகிறவன் அந்தப் பணத்தை என்ன செய்கிறான் என்று பார்க்க அப்போது ஆளே கிடையாது. ரிசர்வ் வங்கி வந்தது 1935-ல். வங்கிகளுக்கென்று முழுச் சட்டம் வந்தது 1949-ல். அந்த அடிக்குப் பிறகுதான் நம்மவர்கள் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால் 1907-ல் இந்தியன் பாங்கைத் தொடங்கினார்கள்.

அந்தக் காலத்திலும் ஏழைக்குத் தோதான இடம் ஒன்று இருந்தது. தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கி, 1882-லிருந்து நடக்கிறது. அதற்கு சர்க்காரே பொறுப்பு. இன்றைக்கும் அப்படித்தான்.

சட்டம் வந்தபிறகும் ஆபத்து தீர்ந்தபாடில்லை. கேரளத்திலே பாலாய் சென்ட்ரல் பாங்க் பெரிய பாங்க். 1960 ஆகஸ்ட் 8 அன்று, ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டதன் பேரில், அதை மூடச் சொல்லி ஹைக்கோர்ட் உத்தரவிட்டது. பணம் போட்டவர்கள் தவித்தார்கள். பார்லிமெண்டிலே பெரும் பேச்சு. அதன் பலனாகத்தான் 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட்டுக்குக் காப்பீடு வந்தது. பாங்கி மூழ்கினால் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை கிடைக்கும் என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 1980-ல் 30,000, 1993-ல் 1 லட்சம் ஆயிற்று. அப்புறம் 27 வருஷம் அசையவில்லை! 2019-ல் பம்பாய்ப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கி முடங்கி ஜனங்கள் தெருவுக்கு வந்தபிறகு, 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆக்கினார்கள். நம்ம நாட்டில் ஒவ்வொரு தடவையும் யாராவது அழுத பிறகுதான் வேலி போடுகிறார்கள்.

இந்த 5 லட்சக் கணக்கைச் சரியாகப் புரிஞ்சுக்கணும். அது அசலும் வட்டியும் சேர்ந்து. 4 லட்சத்து 80 ஆயிரம் போட்டு 30 ஆயிரம் வட்டி ஏறியிருந்தால், மேலே உள்ள 10 ஆயிரத்துக்குக் காப்பீடு கிடையாது. ஒரே பாங்கியின் இரண்டு கிளையிலே பிரித்துப் போட்டாலும் ஒன்றாகத்தான் கூட்டுவார்கள். வேறு பாங்கி என்றால் தனிக் கணக்கு. இதற்குண்டான பிரீமியத்தைப் பாங்கிதான் கட்டும். நம்மகிட்டே கேட்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லணும், பலருக்கு இது தெரியாது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் போட்டதற்கு இந்தக் காப்பீடு உண்டு. ஆனால் ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலே போட்ட வைப்புக்குக் கிடையாது. சங்கத்தைக் குறை சொல்லவில்லை. திரூரில் 1904-ல் முதல் சங்கம் தொடங்கினதிலிருந்து விவசாயிக்குக் கந்துவட்டியிலிருந்து கை கொடுத்தது அதுதான். பயிர்க்கடன் அங்கே வாங்குங்கள். பெண் கல்யாணத்துக்குச் சேர்த்த மொத்தப் பணத்தையும் அங்கேயே போடுமுன் யோசியுங்கள். சீட்டு, நகைக்கடைத் திட்டம், அதிக வட்டி தருகிறேன் என்று வீடு தேடி வருகிற பைனான்ஸ், இவை எதற்குமே இந்தக் காப்பீடு இல்லை.

இப்போ கணக்கு வகைக்கு வருவோம். சேமிப்புக் கணக்கு என்பது வாய்க்கால் மாதிரி. எப்போ வேண்டுமானாலும் எடுக்கலாம், வட்டி குறைவு. நிரந்தர வைப்பு ஏரியிலே தேக்கின தண்ணீர் மாதிரி. இத்தனை காலம் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுப்பதால், பாங்கி அதை நம்பி நீண்ட காலக் கடன் கொடுக்க முடியும்; அதனால் வட்டி கூட. ஒரு பேச்சுக்கு, 50,000 ரூபாய்க்குச் சேமிப்பிலே நூற்றுக்கு 3 என்றால் வருஷத்துக்கு 1,500. வைப்பிலே 7 என்றால் 3,500. ஆனால் நடுவிலே முறித்தால், ஓடின காலத்துக்கு உண்டான வட்டியிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே அடுத்த பட்டத்து விதைக்கும் உரத்துக்கும் வேண்டிய பணத்தை வைப்பிலே பூட்டாதீர்கள். பெரிய தொகையை ஒரே ரசீதாகப் போடாமல் இரண்டு மூன்றாகப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் முறிக்கலாம்.

தபால் ஆபீஸ் சேமிப்பிலே ஒரு நுணுக்கம் உண்டு. மாதம் 10-ந் தேதி முடிவிலிருந்து கடைசித் தேதி வரை எது மிகக் குறைந்த இருப்போ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. 9-ந் தேதி போட்டால் அந்த மாதமே கணக்கில் வரும். 12-ந் தேதி போட்டால் அந்த மாதம் வட்டி இல்லை. பாங்கிகளிலும் முன்பு இதே முறைதான். 2010 ஏப்ரல் முதல் அங்கே அன்றாட இருப்புக்கு வட்டி போடுகிறார்கள்.

கணக்குத் திறக்கும்போது வாரிசுதாரர் பெயரை எழுதச் சொல்லுவார்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வெறுமனே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். எழுதாமல் போனால், வீட்டுக்காரர் காலமான பிறகு அந்த அம்மா வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டிவரும். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்கள் அடுத்த தடவை போகும்போது பாஸ்புத்தகத்தை நீட்டி, பெயர் ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.