கொப்பூழ்க்கொடியும் நரம்பின் துணைக்கலங்களும்

வரலாறு முன்னணியில் நிற்பவரையே பெரிதும் பேசும். தாங்கி நிற்பவரை மறந்துவிடும். விஞ்ஞானத்தின் வரலாறும் இதற்கு விலக்கன்று. நரம்பைத் தாங்கும் கலங்களின் கதை அதற்குத் தக்க சான்றாகும்.

1839இல் ஜேர்மனிய அறிஞர் தியோடர் சுவான், விலங்குகளின் உடலும் கலங்களால் ஆனதே என்று நிறுவினார். நரம்பிழைகளை ஒட்டிக் கிடந்த கலங்களையும் அவர் விவரித்தார். இன்று அவை சுவான் கலங்கள் எனப்படுகின்றன. 1848இல் மேற்சிலேசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராய்ந்து, வறுமையும் கல்வியின்மையும் ஆட்சியாளரின் புறக்கணிப்புமே அதன் வேர் என்று துணிந்துரைத்த மருத்துவர் ருடோல்ப் விர்ஹோ, 1856இல் மூளையின் துணைப்பொருளுக்கு 'நரம்புப் பசை' என்று பெயரிட்டார். பெயரே அதன் அன்றைய மதிப்பைக் காட்டும். ஆயினும் துணைக்கலங்கள் வெறும் பசையல்ல. சுவான் கலங்கள் கை, கால் நரம்புகளுக்கு மயலின் கவசம் இடுகின்றன. அறுந்த இழை மீண்டும் வளர வழி அமைக்கின்றன.

கொப்பூழ்க்கொடியும் இவ்வாறே புறக்கணிக்கப்பட்டது. அதனுள் உள்ள கூழ், 17ஆம் நூற்றாண்டின் இலண்டன் மருத்துவர் தோமஸ் வார்ட்டனின் பெயரைத் தாங்குகிறது. எனினும் பிரசவத்தின்பின் கொடி குப்பைக்கே போயிற்று. 1988இல் பாரிஸ் நகரின் சென் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் குழுவினர், கடும் இரத்தநோயுற்ற சிறுவனுக்கு, புதிதாய்ப் பிறந்த அவனது தங்கையின் கொடி இரத்தத்தைச் செலுத்தினர், அவன் பிழைத்தான். அன்றுமுதல் குப்பை செல்வமாயிற்று.

இவ்விரு கதைகளும் 2010இல் ஒன்றுசேர்ந்தன. ஜப்பானிய ஆய்வாளர், கொடியிலிருந்து எடுத்த மூலக்கலங்களை, விற்றமின் ஏயிலிருந்து உண்டாகும் ஓர் அமிலத்தாலும் வளர்ச்சிக் காரணிகளாலும் படிப்படியாகத் தூண்டி, சுவான் கலங்களை ஒத்தனவாக மாற்றினர். நரம்பு அறுந்த எலிகளில் அவற்றை வைத்தபோது இழைகள் வளர்ந்தன, கவசமும் உருவாயிற்று. மனிதருக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

ஆனால் வணிகம் காத்திருக்கவில்லை. நாளைய மருந்தின் பெயரால் இன்றைய பெற்றோரிடம் சேமிப்புக் கட்டணம் பெறும் தனியார் வங்கிகள் உலகெங்கும் எழுந்துள்ளன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ 2017இல், கொடி இரத்தத்தைத் தேவைப்படும் எவருக்கும் உதவும் பொது வங்கிகளையே விதந்துரைத்தது.

ஏழைத்தாயும் செல்வத்தாயும் ஈன்ற சேய்களுக்குக் கொடி ஒன்றே. அதன் பயனும் எல்லோர்க்கும் உரியதாக வேண்டும். விர்ஹோவின் அறிக்கை 1848இல் கேட்ட நீதியை, ஆய்வுகூடத்தின் வாயிலில் நாமும் கேட்போமாக.